முப்பது ரூபாய் கிராணி

மூன்று நண்பர்கள் ஈப்போவில் ஓர் உணவகத்தில் சாப்பிடுகிறார்கள். ஆளுக்கு 10 வெள்ளி போட்டு 30 வெள்ளி கொடுக்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் சரிபார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு 25 வெள்ளிதான் ஆகிறது என்று 5 வெள்ளியைப் பரிமாறும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறார். ஐந்தை மூன்று பேருக்கு எப்படிப் பிரிப்பது? தம்பி 2 வெள்ளியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆளுக்கு 1 வெள்ளி திருப்பித் தருகிறார். இப்போது ஒவ்வொருவரும் கொடுத்தது 9 வெள்ளி. மூன்று ஒன்பது 27. தம்பியிடம் இருப்பது 2. மொத்தம் 29. மீதி 1 வெள்ளி எங்கே போனது?

இந்தப் புதிரை நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். கேட்டதும் பலர் பேனாவை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். எத்தனை முறை கூட்டினாலும் 29தான் வரும். கூட்டலில் பிழையே இல்லை. கேள்விதான் கூட்டக்கூடாத இரண்டைக் கூட்டச் சொல்கிறது. நண்பர்கள் கொடுத்த 27 வெள்ளிக்குள்ளேயே தம்பியின் 2 வெள்ளியும் அடங்கியிருக்கிறது. கடைக்கு 25, தம்பிக்கு 2, ஆக 27. அதனுடன் நண்பர்கள் கைக்குத் திரும்பி வந்த 3 வெள்ளியைச் சேர்த்தால் 30. ஒரு காசும் தொலையவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறேன். வார இறுதிகளில் ஈப்போவுக்கு அருகே ஒரு தாமானில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் இந்தப் புதிரைத்தான் கேட்பேன். விடை தெரிந்ததும் ஏமாற்று வேலை என்று சிரிப்பார்கள். அடுத்ததாக அவர்களுக்கு ஒரு கிராணியின் கதையைச் சொல்வேன். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அந்தக் கிராணியின் பெயர் சீனிவாச இராமானுஜன்.

கணித மேதை என்று அவரை நாம் எல்லாருக்கும் தெரியும். ஆரம்பப்பள்ளிச் சுவரில் அவர் படம் தொங்கும். ஆனால் பிறருடைய பணத்தை எண்ணி எழுதுவதே அவருடைய பிழைப்பாக இருந்தது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

மைலோ டின்னில் ஒரு கணக்கு

கிராணி என்ற சொல்லுக்குப் பேராக் தோட்டங்களில் ஒரு தனி எடை உண்டு. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்று எழுதி வைப்பவர் அவர். அவர் எழுதியதுதான் சம்பளம்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் ஒரு பழைய மைலோ டின்னில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார். சம்பள நாளுக்கு முதல் இரவு பாயில் கொட்டி, ஐந்தைந்தாக அடுக்கி எண்ணிப் பார்ப்பார். ஒரு மாதம் புத்தகத்தில் 22 நாள் இருந்தது. டின்னில் 24 கொட்டைகள் இருந்தன. பாட்டி சத்தம் போடவில்லை. டின்னை அப்படியே ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய், தான் எந்தெந்த நாள் வரவில்லை என்று ஒவ்வொரு நாளாகப் படிக்கச் சொன்னார். கிராணி பக்கங்களைப் புரட்டினார். இரண்டு நாள் பாட்டியை வேறொரு டிவிஷனுக்குப் புல் வெட்ட அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாட்கள் அங்குள்ள புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தன. சம்பளம் திருத்தப்பட்டது.

அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கதையைப் பாட்டி இன்னும் சொல்கிறார். காணாமல் போன இரண்டு நாளும் வேறொரு பக்கத்தில் பத்திரமாக இருந்தன என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். 29 வெள்ளிப் புதிரும் இதே வகைதான். கணக்கு இடித்தால், எதை எந்தப் பக்கத்தில் எழுதினோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இராமானுஜனின் வாழ்க்கையில் பல ஆண்டுகள் அவருடைய கணக்கையே மற்றவர்கள் தவறான பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

தேறாத மாணவன்

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். அவருக்கு மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில்தான். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடினார். வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டுக் கொஞ்சம் வருமானம் பார்த்தார்கள். ஆக, எண்களோடு இராமானுஜனுக்கு முதலில் ஏற்பட்ட பழக்கம், மாதக் கடைசியில் பற்றாமல் போகும் வீட்டுக் கணக்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.

10 வயதில் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். 1903ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த ஒரு பழைய நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 5,000 கணித முடிவுகள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் கிடையாது. விடை இருக்கும், வழி இருக்காது. வேறொருவர் மூடி வைத்திருப்பார். இராமானுஜன் ஒவ்வொன்றுக்கும் தானே வழி தேடத் தொடங்கினார்.

1904ஆம் ஆண்டில் பள்ளியில் கணிதப் பரிசு வாங்கி, உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலக் கட்டுரையில் தோற்றதால் உபகாரச் சம்பளம் பறிபோனது. அவமானம் தாங்காமல் 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு உடலியல் பாடம் காலை வாரியது. அடுத்த ஆண்டு தனியாக எழுதியும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 20 வயதில் அவரிடம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

இந்த இடத்தில் என் டியூஷன் மாணவர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். இராமானுஜனே தோற்றார், நாம் தோற்றால் என்ன என்று ஒருவன் நிச்சயம் கேட்பான். நான் அவனிடம் ஆண்டுகளை எண்ணச் சொல்வேன். 1905 முதல் 1912 வரை ஏழு ஆண்டுகள் அவர் சாப்பாட்டுக்கும் காகிதத்துக்கும் அலைந்தார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். நமக்கும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேற வேண்டும். கணிதத்தில் ஏ பிளஸ் வாங்கினால் மட்டும் போதாது. ஒரு தேர்வு முறை சிறந்த மாணவனைக் கோட்டை விடலாம் என்பது உண்மை. அதற்கான விலையை அந்த மாணவனும் அவன் குடும்பமும் கட்டினார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

துறைமுகத்தில் ஒரு மேசை

1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. அந்தக் கால வழக்கப்படி மணமகள் சிறுமி. குடும்பப் பொறுப்பு வந்ததும் நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடிப் பலர் வீட்டு வாசலில் நின்றார். 1910இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனால் ஒருவர் தயவில் நீண்ட நாள் சாப்பிட இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912இன் தொடக்கத்தில் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் கிராணியானார்.

அந்த ஆண்டுகளை நம் நாட்டுக் கதையோடு சேர்த்துப் பாருங்கள். 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கங்காணிகள் திரட்டிய கூட்டம் கப்பலேறிப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தது. அவர்களில் பலர் இராமானுஜன் வளர்ந்த அதே தஞ்சாவூர் வட்டாரத்துக்காரர்கள். ஒருபக்கம் துறைமுக அலுவலகத்தில் ஓர் இளைஞர் வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தார். அதே கரையோரத்திலிருந்து நம் கொள்ளுத் தாத்தாக்கள், இன்னொரு நாட்டில் இன்னொரு கிராணியின் புத்தகத்தில் பெயராக மாறுவதற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இராமானுஜனுக்கு அலுவலகத்தில் நல்ல காலம் இருந்தது. மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் படித்தவர். இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்களாம். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கம் கொடுத்தார்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் தம் வயது ஏறக்குறைய 23 என்றும் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுன் என்றும் குறிப்பிட்டார். உண்மையில் அவருக்கு அப்போது 25 வயது. மாதம் 30 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 360 ரூபாய். ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய மதிப்பில் 24 பவுன் வரும். கணக்குப் பிரிவுக் கிராணி தன்னுடைய கணக்கில் மட்டும் இரண்டையும் குறைத்து எழுதியிருக்கிறார்! கடிதத்துடன் இணைத்திருந்த சூத்திரங்களில் அந்தத் தளர்ச்சி இல்லை. அவற்றைப் படித்த ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும், எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று முடிவு செய்தார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் உடனே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டம் இல்லாதவருக்கு அது கிடைத்தது பெரிய விஷயம். 1914 மார்ச் 17இல் கப்பலேறினார். இங்கிலாந்தில் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கிடைத்தது. கிராணிச் சம்பளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

சட்டியில் காய், காதில் புதிர்

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர்களில் ஒருவர் வங்காளத்து மாணவர் மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். புள்ளியியல் படிக்கும் நாங்கள் அவர் பெயர் கொண்ட தொலைவுச் சூத்திரத்தைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது.

1914 டிசம்பரில் ஸ்டிராண்ட் என்ற இதழில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று ஒரே வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஒருவர் வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குக் கீழ் வீடுகள். அவர் வீட்டு எண் என்ன?

இராமானுஜன் அறைக்குப் போயிருந்த மகலனோபிஸ், பல எண்களை மாற்றி மாற்றிப் போட்டு விடையைக் கண்டுபிடித்தார். 288 வீடுகள், வீட்டு எண் 204. பிறகு அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனிடம் புதிரைப் படித்துக் காட்டினார். இராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலேயே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரே பின்னத்திலிருந்து இந்தப் புதிருக்கான விடை மட்டுமல்ல, தெரு எவ்வளவு நீளமானாலும் வரக்கூடிய எல்லா விடைகளும் வரிசையாக விழுந்தன. 8 வீடுகள் உள்ள தெருவில் 6ஆம் எண். 49 வீடுகள் என்றால் 35ஆம் எண். அடுத்தது 288க்கு 204. முதலாவதை நீங்களே சரிபாருங்கள். 1 முதல் 5 வரை கூட்டினால் 15. 7ம் 8ம் சேர்ந்தாலும் 15.

புதிரைக் கேட்ட கணமே விடை ஒரு தொடர் பின்னமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். இது எந்த வகைக் கேள்வி என்று தெரிந்த பிறகு விடை தானாக வந்தது.

சில்லறையை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

அவருடைய மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று, சில்லறை மாற்றும் கேள்வி போலத்தான் தொடங்குகிறது. பாட்டியின் டின்னிலிருந்து 4 புளியங்கொட்டைகளை எடுங்கள். அவற்றை எத்தனை விதமாகக் குவியல்களாகப் பிரிக்கலாம்? நான்கும் ஒரே குவியல், 3ம் 1ம், 2ம் 2ம், 2, 1, 1, நான்கும் தனித்தனி. மொத்தம் 5 விதம். 5 கொட்டைகள் என்றால் 7 விதம். 10 என்றால் 42 விதம். 100 கொட்டைகளுக்கு 19,05,69,292 விதம்! குழந்தை விளையாட்டு போன்ற கேள்வி, கொஞ்ச தூரத்திலேயே கைமீறிப் போகிறது.

மக்மஹான் என்ற கணித அறிஞர் 200 வரைக்கும் இந்த எண்ணிக்கைகளைக் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். இராமானுஜனும் ஹார்டியும் எண்ணாமலேயே விடையை எட்டும் சூத்திரத்தை உருவாக்கினார்கள். 1918இல் அது வெளியானது. 200க்கு மக்மஹான் கண்ட விடை 39,72,99,90,29,388. ஏறக்குறைய நான்கு இலட்சம் கோடி. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் அதே எண் வந்தது. வித்தியாசம் ஒன்றில் ஆயிரத்தில் நான்கு பங்கு.

அதே பட்டியலிலிருந்து இராமானுஜன் இன்னொன்றையும் கண்டார். 0இலிருந்து தொடங்கி வரிசைக்கு ஐந்தாக எழுதிப் பாருங்கள். கொட்டையே இல்லையென்றால் ஒரு விதம் என்று கொள்ள வேண்டும்.

1, 1, 2, 3, 5
7, 11, 15, 22, 30
42, 56, 77, 101, 135
176, 231, 297, 385, 490

நாம் இதை இடமிருந்து வலமாகப் படிப்போம். மேலிருந்து கீழாகக் கடைசி நிரையை மட்டும் பாருங்கள். 5, 30, 135, 490. எல்லாமே ஐந்தால் வகுபடும். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கடைசி நிரை இப்படியேதான் இருக்கும் என்று இராமானுஜன் நிறுவினார். 7க்கும் 11க்கும் இதே போன்ற ஒழுங்குகள் இருப்பதையும் கண்டார். அந்தப் பட்டியல் மற்றவர்களின் கண்ணுக்கு முன்னாலும் இருந்தது. அதைப் பக்கவாட்டில் பார்த்தவர் நம் கிராணி.

கடைசிக் கணக்கு

1917இல் அவர் நோயில் விழுந்தார். போர்க்காலம், சைவ உணவு கிடைப்பதே பெரும்பாடு, குளிர், தனிமை. மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் மாறி மாறிக் கிடந்தார். அந்த நிலையிலும் 1918 மே மாதம் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்வானார்.

ஊர் திரும்பும் முன் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் தருவதாக அறிவித்தது. 1919 ஜனவரி 11ஆம் தேதி இராமானுஜன் பதில் எழுதினார். இந்தத் தொகை தம் தேவையைவிட மிக அதிகம் என்றார். தம் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துவிட்டு, தமக்கு வேண்டிய செலவு போக எஞ்சியதை ஏழை மாணவர்கள், ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

உபகாரச் சம்பளத்தை இழந்து வீட்டை விட்டு ஓடிய பையன் எழுதிய கடிதம் அது. தம்மைத் தேறாதவர் பக்கத்தில் எழுதி வைத்த அதே கல்வி உலகத்துக்கு எழுதியது. கோபம் ஒரு வரிகூட இல்லை. தனக்கு எவ்வளவு போதும் என்று தெரிந்த ஒருவரின் வரவு செலவு அது. என் பார்வையில், அவர் போட்ட கணக்குகளிலேயே மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

1919 மார்ச்சில் தாயகம் வந்தார். உடல் தேறவில்லை. படுக்கையில் இருந்தபடியே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவையும் தொலைந்து போகவில்லை, வேறொரு பக்கத்தில்தான் இருந்தன.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறியபோது, தமிழில் தெரிந்த பின்னத்தையும் விழுக்காட்டையும் இன்னொரு மொழியில் கேட்டதும் வாயடைத்து நின்ற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்குக் கணிதம் வராது என்று யாரோ எழுதிவிட்டார்கள், அவர்களும் நம்பிவிட்டார்கள். உங்கள் பெயரும் அப்படி ஒரு பக்கத்தில் இருக்குமானால், டின்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு நாளாகப் படிக்கச் சொல்லுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு வேலை. நம்மிடம் 5, 10, 20, 50 காசு நாணயங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு 50 காசை 13 விதமாகத் தரலாம். உட்கார்ந்து எழுதினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதே நாணயங்களில் 1 வெள்ளியை 49 விதமாகத் தரலாம். அந்த 49ஐயும் ஒவ்வொன்றாக எழுதாமல் எண்ண ஒரு வழி இருக்கிறது. முதலில் 50 காசு நாணயம் எத்தனை என்று பிரித்துக்கொண்டு பாருங்கள்.